தயவுசெய்து உற்றுப் பார்க்காதீர்கள்

எங்கள் ஊர்ப் பெண்கள் மருத்துவமனையில் வரவேற்பு கவுன்ட்டரில் இருக்கும் அம்மாள் டொச்சியோ சுமியே. பதினைந்து வருடமாக அதே நாற்காலி. அவரைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. குறை சொல்ல இடம் கொடுக்காமல் இருப்பதையே அவர் பிழைப்பாக வைத்திருந்தார். நான் அங்கே நர்ஸ். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதனால் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு அவர் இன்னும் நல்லவராகத் தெரிவார்.

அவர் அப்பா நண்டுப் படகுக்காரர். வீட்டில் சத்தம் போடாமல் பேசத் தெரியாத மனிதர். அந்த வீட்டிலிருந்து தப்பித்து, டொச்சியோ-சான் (மரியாதைக்கு நாங்கள் பெயரோடு 'சான்' சேர்ப்போம்) பள்ளிக்கூடம் முடித்த கையோடு யொனாகோ நகரில் ஒரு பெரிய பலமாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் லிப்டில் நின்று மாடி எண் சொல்லும் வேலை, பிறகு பரிசுப் பொருள்களுக்குக் காகிதம் சுற்றும் கவுன்ட்டர். கல்யாணத்துக்குப் போகிற பொட்டலத்தை ஒரு பக்கமாகவும், சாவுக்குப் போகிற பொட்டலத்தை மறு பக்கமாகவும் மடிக்க வேண்டும். எதற்காக வாங்குகிறீர்கள் என்று வாடிக்கையாளரிடம் கேட்கக் கூடாது. முகத்தைப் பார்த்து, உடுப்பைப் பார்த்து, நாமே தெரிந்துகொள்ள வேண்டும். வந்தவரை வாய் திறந்து சொல்ல வைத்துவிட்டால் அது நம் தோல்வி என்பது அங்கே சொல்லிக் கொடுத்த பாடம். அந்தக் கடை மூடப்பட்டு எங்களிடம் வந்தபோது டொச்சியோ-சான் பாடத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்.

எங்களுக்கு அது கொடுப்பினையாகத்தான் இருந்தது. எந்தக் கர்ப்பிணிக்கு எந்த வாசனை பிடிக்காது, எந்த அம்மாவுக்கு எந்தக் காது மந்தம், எல்லாம் அவருக்கு அத்துப்படி. கவுன்ட்டரைச் சுற்றி வெளியே வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முழங்காலை ஊன்றிப் பேசுவார். டாக்டர் ஹசுமிக்கு எழுபது வயது, பேச்சு குறைவு. அவருடைய மருந்தைவிட டொச்சியோ-சானின் "நல்லா தூங்கினீங்களா"வுக்காக வருகிறவர்கள் பாதி.

அந்த வருடம் வசந்தத்தில் மாவட்டத் தலைநகரில் ஒரு பயிற்சி நடந்தது. திருநர் நோயாளிகளை, ஆண் பெண் இரண்டிலும் அடங்காதவர்களை, மருத்துவமனைகள் எப்படி நடத்த வேண்டும் என்பது பற்றி. எங்கள் இடத்திலிருந்து டொச்சியோ-சான்தான் போனார். மாலையில் திரும்பி வந்து என்னிடம் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

"கமிதே-சான், அவங்க எல்லாம் எத்தனை கஷ்டப்பட்டு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கறாங்க தெரியுமா? நம்மகிட்ட ஒருத்தர் வந்தா ஒரு குறையும் வைக்கக் கூடாது."

"என்ன செய்யணும்னு சொன்னாங்க?"

"நிறைய சொன்னாங்க. முதல்ல, எப்படிக் கூப்பிடணும், என்ன வேணும்னு அவங்களையே கேக்கணுமாம்." சற்று யோசித்தார். "ஆனா பாருங்க, கேட்டா அவங்களுக்கு எவ்வளவு சங்கடம். அவங்க சொல்லாமலே நாம புரிஞ்சுக்கிட்டா நல்லா இருக்கும் இல்லையா?"

நானும் அப்போது தலையாட்டினேன். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் தலையாட்டியிருப்பார்கள்.

மே மாதம் ஒருவர் போன் செய்தார். அவரை இங்கே நகோஷி ஹருஓமி என்று எழுதுகிறேன். உண்மைப் பெயர் அது இல்லை. எந்தப் பெயர் போட வேண்டும் என்று அவரே சொன்னார். நாற்பத்தாறு வயது. பேரிக்காய்த் தோட்டங்களில் கூலிக்குக் கிளை கத்தரிப்பதும் பிஞ்சுகளுக்குக் காகிதப் பை கட்டுவதும் பறிப்பதும் வேலை. பெண்ணாகப் பிறந்ததாகப் பதிவு, ஆணாக வாழ்க்கை. இருபது வருடத்துக்கு முன் ஒசாகாவிலிருந்து இங்கே வந்தபோதே தாடியோடு வந்தவர். ஊரில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஹார்மோன் ஊசிக்காக மட்டும் ஒகயாமா வரை போய் வருவார். அங்கே ஊசி போடும் டாக்டர் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், ஊசி போட்டும் மாதவிடாய்போல் ரத்தம் போவது நல்லதில்லை, ஊரிலேயே பெண்கள் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று. அந்த ஒரு வருடமும் அவர் எங்கள் தெருவழியாக வண்டி ஓட்டிப் போய், வாசலைப் பார்த்துவிட்டு, நிறுத்தாமல் போயிருக்கிறார்.

போனில் அவர் கேட்டது இவ்வளவுதான். "மத்தவங்களைக் கூப்பிடற மாதிரி நகோஷின்னு கூப்பிட்டா போதும். வேற எதுவும் வேண்டாம்."

"கண்டிப்பாங்க. நீங்க எந்தக் கவலையும் இல்லாம வாங்க" என்று டொச்சியோ-சான் போனைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை குனிந்து வணங்கினார்.

அவர் வரும் நாள் காலை நான் உள்ளே பரிசோதனை அறையைத் தயார் செய்துகொண்டிருந்தேன். வெளியே நடந்த தயாரிப்புகள் எனக்குத் தெரியாது. எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்செருப்பு போட வேண்டும். அங்கே இருப்பவை எல்லாம் இளஞ்சிவப்பு. அவர் மனம் நோகுமே என்று டொச்சியோ-சான் சொந்தக் காசில் ஒரு ஜோடி கருநீலச் செருப்பு வாங்கி, இளஞ்சிவப்பு வரிசைக்கு நடுவில் தனியாக வைத்திருந்தார். காத்திருக்கும் கூடத்தின் மூலையில் ஒரு மடக்குத் தட்டி, அதன் பின்னால் ஒற்றை நாற்காலி. இரண்டு கழிப்பறைகளில் ஒன்றின் கதவில் 'இன்று இந்த அறை ஆண்களுக்கு' என்று அழகான கையெழுத்தில் ஒரு தாள்.

இவையாவது போகட்டும். நான் கருவித் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, அவர் கூடத்தின் நடுவில் நின்று, அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களுக்கும் முன்னால் குனிந்து பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல ஒருத்தர் வருவார். பாக்க ஆம்பளையா இருப்பார். அவருக்கும் நம்ம மாதிரிதான் வைத்தியம். உங்களுக்கு ஏதாவது அசௌகரியமா இருந்தா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். தயவுசெஞ்சு அவரை யாரும் உத்துப் பாக்க வேண்டாம்."

"டொச்சியோ-சான்" என்று கூப்பிட்டேன். அதற்குள் வாசல் மணி அடித்துவிட்டது.

நகோஷி-சான் உள்ளே வந்தார். அகன்ற தோள், வெயிலில் கறுத்த கழுத்து, கையில் தொப்பி. கருநீலச் செருப்பைப் பார்த்தார். கொஞ்சம் நின்றார். வேறு வழியில்லாமல் போட்டுக்கொண்டார். அவர் கூடத்தில் கால் வைத்ததும் எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் பத்திரிகைகளுக்குள் குனிந்தன. ஒரு கர்ப்பிணியிடம் பத்திரிகை இல்லை. அவள் தன் வயிற்றையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். டொச்சியோ-சான் மட்டும் பூனை நடையில் வந்து, "உங்களுக்காகத் தனியா இடம் வெச்சிருக்கோம்" என்று கிசுகிசுத்தார். அந்த நிசப்தத்தில் கிசுகிசுப்பு சுவர்வரை கேட்டது. அவர் தட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். தட்டிக்குக் கீழே கருநீலச் செருப்புகள் இரண்டும் தெரிந்துகொண்டே இருந்தன. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அப்படி ஒரு வெட்கம் எனக்கு வேலையில் வந்ததே இல்லை.

பரிசோதனை நாற்காலியில் எங்கள் வழக்கப்படி இடுப்புக்கு மேல் ஒரு திரை விழும். டாக்டருக்கு நோயாளி முகம் தெரியாது, நோயாளிக்கு டாக்டர் முகம் தெரியாது. நகோஷி-சான் அந்தத் துணியைக் காட்டி, "இது எதுக்கு?" என்றார்.

"முகம் தெரியாம இருந்தா தேவலைன்னு நிறைய பேர் நினைப்பாங்க. உங்களுக்கு எப்படிங்க?" என்று கேட்டேன்.

"எடுத்துடுங்க. வெளியில அத்தனை பேரும் முகத்தை மறைச்சுக்கிட்டு இருந்தாங்க. டாக்டர் முகமாவது தெரியட்டும்."

திரையை விலக்கினேன். அவ்வளவு வருடமாகத் திரைக்குப் பின்னாலேயே வேலை செய்த டாக்டர் ஹசுமிக்குக் கை ஓடவில்லை. "வலிச்சா சொல்லுங்க, நிறுத்திடறேன்" என்று அவராகச் சொன்னார். ஹார்மோன் ஊசி போடுகிறவர்களுக்கு உள்ளே உலர்ந்திருக்கும் என்பதால் சிறிய கருவியை எடுத்துக் கொடுத்தேன். நகோஷி-சான் கூரையைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தார். முடித்து வெளியே வரும்போது, மகளைக் கூட்டி வந்திருந்த குனிமொத்தோ-சான் என்ற அம்மாள் எழுந்து அவருக்குக் குனிந்து வணங்கினார், துக்க வீட்டில் வணங்குவது போல. அந்த அம்மாள் விவசாயக் கூட்டுறவுக் கிடங்கில் வேலை செய்கிறவர். பேரிப் பிஞ்சுகளுக்குக் கட்டும் காகிதப் பைகளை நகோஷி-சான் வாங்குவது அவர் கையால்தான்.

குனிமொத்தோ-சான் கெட்டவர் இல்லை. கிடங்கில் எல்லோரிடமும் பரிவாகத்தான் சொல்லியிருக்கிறார். "பாவம், நம்ம நகோஷி-சான் மனசு நோகக் கூடாது. யாரும் உத்துப் பாக்காதீங்க." அதற்கப்புறம் பை வாங்கப் போனால் யாரும் அவரை நிமிர்ந்து பார்ப்பதில்லை. சீட்டுக் கச்சேரிக்குக் கூப்பிடுவதில்லை. தொடையில் தட்டிக் கிண்டல் செய்வதில்லை. இருபது வருடம் கட்டிய வீட்டை மரியாதையாலேயே இடித்துப் போட்டுவிட்டார்கள்.

பரிசோதனை முடிவு வந்தது. கர்ப்பப்பை வாயில் செல்கள் சரியில்லை. சதை எடுத்துப் பார்க்க வேண்டும், தள்ளிப் போடக் கூடாது. டொச்சியோ-சான் போன் செய்தார், எடுக்கவில்லை. நான் செய்தேன், எடுக்கவில்லை. கிடங்கு விஷயம் அதற்குள் எங்கள் காதுக்கும் வந்திருந்தது. டொச்சியோ-சான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார், மூடுவார். கவுன்ட்டரில் உட்கார்ந்தே இளைத்தார்.

"நான் என்ன பண்ணிட்டேன், கமிதே-சான். பயிற்சில சொன்னதையும் மீறி என்ன பண்ணிட்டேன்."

"போய்ச் சொல்லுங்க. முடிவைச் சொல்லணும். அதுதான் இப்ப அவசரம்."

"ஆமா. முதல்ல மன்னிப்புக் கேக்கணும்."

கேட்டார். எப்படிக் கேட்டார் என்பதைச் சொல்ல எனக்கே கூசுகிறது. டாக்டரும் கூடவே கிளம்பினார்: டாக்டருக்குக் கறுப்புக் கோட்டு, டொச்சியோ-சானுக்குக் கறுப்பு உடுப்பு, கையில் பயறு இனிப்புப் பெட்டி. போவதற்கு எங்கள் மருத்துவமனை வேன். அதன் இரண்டு பக்கமும் குழந்தையைத் தூக்கி வரும் நாரைப் படமும் 'பெண்கள் மருத்துவமனை' என்ற எழுத்தும் உண்டு. ஓட்டியது நான். வேறு வண்டி இல்லையா என்று கேட்டேன். மன்னிப்பு கேட்கப் போகும்போது மறைந்து போவதுபோல் இருக்கக் கூடாது என்றார் டாக்டர்.

மத்தியான வெளிச்சத்தில், அவர் வாடகை வீட்டின் வாசலில், இருவரும் இடுப்பு ஒடியக் குனிந்து நின்றார்கள். கதவு திறந்தது. நகோஷி-சான் பனியனோடு நின்றார். எதிர் வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கை அப்படியே நின்றது.

"நிமிருங்க" என்றார் அவர் தாழ்ந்த குரலில். "எதிர்ல பாத்துட்டு இருக்காங்க."

"எங்கள் கவனக் குறைவால் உங்களுக்கு நேர்ந்ததற்கு எப்படி..."

"சரிங்க. நிமிருங்க, தயவுசெஞ்சு."

அவர்கள் இன்னும் குனிந்தார்கள். வேறு எப்படியும் அனுப்ப முடியாது என்று தெரிந்து அவர் பெட்டியை வாங்கிக்கொண்டார், கதவைச் சாத்தினார். இருவரும் வேனில் வந்து ஏறினார்கள். டாக்டர் நெற்றியைத் துடைத்தார்.

"முடிவைச் சொன்னீங்களா?" என்றேன்.

டாக்டர் டொச்சியோ-சானைப் பார்த்தார், டொச்சியோ-சான் டாக்டரைப் பார்த்தார்.

அப்போதுதான் வாயில் வந்ததைச் சொல்லித் திட்டினேன். "அந்த மனுஷனுக்குப் புத்துநோயா இருக்கலாம். நீங்க இனிப்பு கொடுத்துட்டு வந்து உக்காந்திருக்கீங்க. உங்க மன்னிப்பு யாருக்கு? அவருக்கா, உங்களுக்கா?" டாக்டரும் கூட இருந்தார் என்பதைக்கூட நான் பார்க்கவில்லை. டொச்சியோ-சான் முகத்தைப் பொத்திக்கொண்டார். விரலிடுக்கு வழியாக, "இறங்கறேன்" என்றார்.

வேனை வளைவில் கொண்டுபோய் நிறுத்தினேன். அதற்குள் நகோஷி-சான் பின்வழியாக, வீட்டுக்குப் பின்னால் இருந்த பேரித் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். டொச்சியோ-சான் கறுப்பு உடுப்போடு தோட்டச் சகதியில் நடந்தார். நான் பின்னால் போனேன். நகோஷி-சான் ஏணி மேல் நின்று பிஞ்சுகளுக்குப் பை கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

டொச்சியோ-சானுக்கு இடுப்பு தானாக வளையப் போனது. ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"முடிவு வந்திருக்கு. கர்ப்பப்பை வாயில செல்லெல்லாம் சரியில்லை. சதை எடுத்துப் பாக்கணும். புத்துநோயா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அங்க வெச்சுச் சொல்லியிருக்கணும். சொல்லல."

மேலே காகிதம் சரசரத்தது. இரண்டு மூன்று பை கட்டினார்.

"எப்ப வரணும்?"

"வெள்ளிக்கிழமை காலைல. நீங்க எப்படி வரணும்னு நினைக்கறீங்களோ..."

"எல்லாரும் வர்ற மாதிரி. எல்லாரும் உக்கார்ற இடத்துல உக்காருவேன். தட்டி வேண்டாம்."

"சரிங்க."

"அந்த நீலச் செருப்பும் வேண்டாம்."

"அப்ப இளஞ்சிவப்புதான் இருக்கு" என்றார் டொச்சியோ-சான் பரிதாபமாக.

ஏணி மேலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்புதான் என்று நினைக்கிறேன். "என் கால் அளவுக்கு இருக்காது. பரவாயில்லை."

வெள்ளிக்கிழமை வந்தார். குதிகால் பாதி வெளியே தொங்க இளஞ்சிவப்புச் செருப்போடு நடந்துபோய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார், எல்லோரையும் போல. குனிமொத்தோ-சான் அன்றும் மகளோடு வந்திருந்தார். கவுன்ட்டரில் சாய்ந்து, "இன்னிக்கும் வந்திருக்கார் போல. அவருக்கு என்னதான்..." என்று ஆரம்பித்தார்.

"மத்தவங்க உடம்பைப் பத்தி இங்க பேசறதில்லைங்க" என்றார் டொச்சியோ-சான். "உங்க பொண்ணோட சிறுநீர்க் கோப்பை இன்னும் வரல. அதைக் கொண்டாங்க."

குனிமொத்தோ-சான் சிவந்துபோய் நகர்ந்தார். "நகோஷி-சான், உள்ள வாங்க" என்று டொச்சியோ-சான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிட்டார். எனக்கு மனம் கொஞ்சம் லேசானது. இனி சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

சதைப் பரிசோதனை சொன்னது: புற்றுநோய்தான், ஆரம்பக் கட்டம். யொனாகோவில் பெரிய மருத்துவமனையில் அறுவை செய்ய வேண்டும், செய்தால் பிழைப்பார். டாக்டர் அதை அவரிடம் நேருக்கு நேர் உட்கார்ந்து சொன்னார். நகோஷி-சான் நிறைய கேட்கவில்லை. பேரி பறிப்பதற்குள் எழுந்து நடமாடிவிடுவேனா என்று மட்டும் கேட்டார். பிறகு கவுன்ட்டருக்கு வந்து, யொனாகோவுக்கான கடிதத்தை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தார். கூடம் அப்போது காலியாக இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு" என்றார். "அங்க நானே போய் நானே சொல்லிக்கறேன். முன்னாடியே போன் கீன் பண்ணி எதுவும் சொல்லிடாதீங்க. இன்னொரு தடவை அப்படி என்னால உள்ள நுழைய முடியாது. திரும்பி வந்துடுவேன்."

டொச்சியோ-சான் வெளுத்துப் போனார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. அன்று காலையில்தான் யொனாகோவுக்குப் போன் செய்திருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். அவருக்குத் தெரிந்திருக்காது, யொனாகோவில் நுழைகிற வரை. டொச்சியோ-சான் இரண்டு கையையும் கவுன்ட்டர் மேல் வைத்துக்கொண்டார்.

"பண்ணிட்டேன். காலைல."

நகோஷி-சான் அவரையே பார்த்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். கடிதத்தைக் கவுன்ட்டரிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன்.

"என்ன சொன்னீங்க?"

"ஒரு விசேஷமான நோயாளி வர்றார். பொண்ணாப் பொறந்து ஆம்பளையா வாழறவர். ரொம்ப மனசு நொந்தவர். தனி அறையும் தனி வழியும் ஏற்பாடு பண்ணுங்கன்னு." ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் தேய்ந்துகொண்டே போனது. எனக்குக் கேட்க முடியவில்லை, காகிதங்களை அடுக்குவது போல் பாவனை செய்தேன்.

"மனசு நொந்தவர்னு நான் சொன்னேனா?"

"இல்லைங்க."

"தனி அறை கேட்டேனா?"

"இல்லைங்க."

நகோஷி-சான் போனைக் காட்டினார். "இப்ப போடுங்க. நான் இங்கயே நிக்கறேன். நான் சொல்றதை மட்டும் சொல்லுங்க."

டொச்சியோ-சான் எண்களை அழுத்தினார். ஒரு தடவை தப்பாக அழுத்தி மறுபடி அழுத்தினார். அந்தப் பக்கம் எடுத்ததும் நகோஷி-சானின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவர் மெல்லச் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை திருப்பிச் சொன்னார்.

"காலைல பேசினதை எடுத்துடுங்க. நகோஷி ஹருஓமி. நாற்பத்தாறு வயசு. ஆண். கர்ப்பப்பை இருக்கு, அதுல ஆரம்பப் புத்துநோய். ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கறார். பொது வார்டு போதும், யாரோட சேத்துப் போடறதுன்னு அவரையே கேளுங்க. நகோஷி-சான்னு கூப்பிடுங்க. சிகிச்சை பாக்கறவங்களைத் தவிர யாருக்கும் தெரிய வேண்டாம்."

அந்தப் பக்கத்துப் பெண் எழுதிக்கொண்டிருந்தாள் போல. பிறகு அவள் கேட்டது போனை மீறி எங்களுக்கும் கேட்டது. சின்ன வயதுக் குரல், சாதாரணமான குரல்.

"குறிச்சுக்கிட்டேன். இதெல்லாம் எங்ககிட்ட சொல்றதுக்கு அவர் சம்மதம் கொடுத்தாரா? காலைல கேக்க விட்டுட்டேன்."

டொச்சியோ-சானின் முகம் காது வரை சிவந்தது.

"இப்பதாங்க கொடுத்தார்" என்றார். "காலைல கேக்கல."